ஆண் எலி என்று எழுதிய சீட்டு

கியோஜிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு கை நீளும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் விலகிக்கொண்டவன் பிழைத்தான். எங்கள் தொகுனோஷிமாத் தீவில் இதை யாரும் பெரிய குறையாகச் சொல்ல மாட்டார்கள். காளையும் காளையும் மோதுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாண வீட்டிலும் காளைப் பேச்சு, சாவு வீட்டிலும் காளைப் பேச்சு. வாய்க்குள் ரத்தம் வந்தால் துப்பிவிட்டு அடுத்த கோப்பை ஊற்றிக்கொள்கிறவர்கள்.

அவன் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில். பத்து வயதில் கரும்புக் காட்டுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு தலைக்கு மேல் விமானங்கள் சுடுவதைக் கேட்டான். அன்று அவர்கள் வீட்டு மாடு வயிறு கிழிந்து செத்தது. அதன் தோலை உரிக்க அப்பாவுக்கு விளக்குப் பிடித்தவனும் அவன்தான். பெரியவனானதும் நாலு காணிக் கரும்பு, ஒரு மாட்டுக் கொட்டகை, மினே என்ற மனைவி. மலையில் ஹபு பாம்பு இரண்டு முறை கடித்து, இடது கை ஆள்காட்டி விரல் கொக்கியாக வளைந்து நின்றுவிட்டது. அந்த விரலோடுதான் பத்தொன்பது வருடம் களத்தில் இறங்கினான்.

களத்துக்குள் காளையின் தோளை ஒட்டி நின்று, தரையை மிதித்து, கத்தி, அதைப் பின்வாங்க விடாமல் உசுப்புகிறவனைச் செகோ என்போம். கொம்புக்கும் அவன் விலாவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். ஒரு காளைக்கு இரண்டு செகோ. ஒருவன் முன்னால் நிற்க, மற்றவன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கியோஜிக்கு ஜோடி, மினேயின் தம்பி எய்கிச்சி. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். வாயைத் திறந்தால் கேலி. ஆனால் கொம்பு திரும்பும்போது அவனைப்போலத் துள்ளி விலக யாருக்கும் வராது.

இதைவிடப் பெரிய மரியாதை ஒன்று கியோஜிக்கு இருந்தது. யார் வீட்டில் கன்று பிறந்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து கன்றின் பின்னங்காலைத் தூக்கிப் பார்ப்பான், நெற்றியில் உள்ளங்கையால் ஒரு குத்து விடுவான். "நிக்கும்" என்றால் வளர்ப்பார்கள். "ஓடும்" என்றால் கறிக்குப் போகும். வாய் திறக்காத ஒரு பிராணியைப் பார்த்து அது எப்படிப்பட்ட ஆண் என்று சொல்லிவிடுகிறவன் என்பதுதான் அவனுக்கு ஊரில் இருந்த பெயர். அந்தப் பெயர் போனால் அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை.

அவனுடைய நாற்பத்தோராம் வயதில், இலையுதிர் காலத்தில், பெருந்தீவிலிருந்து டாக்டர் மிதராய் வந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்து டாக்டர். எங்கள் மலையில் முள்முடி எலி ஒன்று உண்டு. கையில் பிடித்தால் ஊசிக் குவியல். ஹபு கொத்த வந்தால் நின்ற இடத்திலேயே மேலே எகிறும். அரசாங்கம் பாதுகாக்கும் பிராணி என்பதால் காகிதமெல்லாம் நகராட்சி வழியாகத்தான் வந்தது. மலையை அறிந்த கியோஜி எலியைப் பிடித்து, காதில் துளி வெட்டி, மருந்துத் தண்ணீர்ப் புட்டியில் போட்டு, எண்ணையும் ஆணா பெண்ணா என்பதையும் சீட்டில் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் விமானத்தில் அனுப்ப வேண்டும். எலியை விட்டுவிடலாம். ஆண் பெண் பார்ப்பது எப்படி என்று டாக்டர் படம் போட்டுக் காட்டத் தொடங்கியதும் கியோஜி விழுந்து விழுந்து சிரித்தான்.

"டாக்டரய்யா, நான் செகோ. இத எனக்கா சொல்லித் தர்றீங்க?"

அவர் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கியோஜி மலையேறி, பொறி வைத்து, பதினோரு எலி பிடித்தான். ஆறு ஆண், ஐந்து பெண். எலிகள் சேரும் பருவம் அது. ஆணுக்கு இருப்பது கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். கொட்டை எழுத்தில் ஆறு சீட்டு எழுதி ஒட்டி அனுப்பினான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புத்தாண்டுப் போட்டிக்கு ஜோடி குறிக்கும் நாள். காளைச் சங்கத்துக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். கியோஜி தன் காளை ஹயாதேயின் கொம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். எய்கிச்சி உறை ஒன்றை ஆட்டிக்கொண்டே வந்தான். "மாமா, ஒங்க எலி டாக்டர்கிட்டருந்து லெட்டர்."

"நீயே படி மாப்ள. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படி" என்றான் கியோஜி. பாராட்டு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தான். சங்கத் தலைவர் சகாரிகூடக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

எய்கிச்சி படித்தான். நலம் விசாரிப்பு, நன்றி, எல்லாம் முடிந்தது. பிறகு படிப்பதை நிறுத்தினான். "படிடா" என்று நாலு பேர் கத்தினார்கள். படித்தான். தாங்கள் ஆண் என்று குறித்து அனுப்பிய ஆறும் பெண் எலிகளே. பாலூட்டிகளின் ஆணுக்கு இருக்க வேண்டிய ஒய் குரோமோசோம் ஒன்றில்கூட இல்லை. இனிமேல் ஆண் பெண் பார்த்துக் குறிக்கும்போது கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கொட்டகையே சிரித்து வெடித்தது. பின்னாலிருந்து ஒருவன், "கியோஜியண்ணே, போன வருசம் எங்க கன்னுக்குட்டியப் பாத்து சிங்கக் காளைன்னியே, பால் கறந்து பாத்துரட்டுமா?" என்றான். எய்கிச்சிக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, எறக்கறதுக்கு முன்னாடி ஹயாதேயவும் ஒருவாட்டி குனிஞ்சு பாத்துருங்க. நடுக்களத்துல கன்னு போட்டு வெச்சிடப்போவுது!"

காது சிவந்தது. ஜோடிக்காரன்தானே, அந்த ஒரு மூச்சுக்குள் விலகியிருக்கலாம். ஆனால் அவன் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கியோஜியின் கையில் இருந்தது ஒன்றரை அடி இரும்பு அரம். அது எய்கிச்சியின் இடது கண்ணில் இறங்கியது. அவன் விழுந்த பிறகும் கியோஜி விடவில்லை. தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூணோடு அழுத்திப் பிடித்தார்கள். எய்கிச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தான். விரல் இடுக்கில் ரத்தமும், ரத்தம் அல்லாத வேறு ஒன்றும் வழிந்தது. "எதுக்கு மாமா? சும்மாத்தானே மாமா சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கட்டியிருந்த ஹயாதே ரத்த வாடை பட்டு மூக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு உறுமியது.

எய்கிச்சியைக் கப்பலேற்றி ககோஷிமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணை எடுத்துவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் எய்கிச்சி, வேலிக் கம்பில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டான். மினே புருஷனுக்குச் சோறு போட்டாள், ஆனால் கிண்ணத்தை வைக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

"விழுந்தேன்னு சொல்லிட்டான் எந்தம்பி. ஒங்களுக்கு அது போதும்ல?"

"நான் போய்க் கால்ல விழறேன்டி."

"விழுந்தா? கண்ணு மொளைக்குமா?"

கியோஜி ஒருமுறை போய் விழுந்தான். உண்மையாகவே அழுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. தான் செய்ததைவிடத் தன்னைப் பற்றி எழுதி வந்ததுதான் அவனை அதிகம் அரித்தது. ஊரும் லேசுப்பட்டதில்லை. கண் போனதை மன்னித்துவிட்டார்கள், கடிதத்தை மன்னிக்கவில்லை. அந்த மாதம் மூன்று வீட்டில் கன்று பிறந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. சகாரி நேரே வந்து சொல்லிவிட்டார்.

"புத்தாண்டுக்கு ஹயாதேகூட வேற ஆள் நிப்பான் கியோஜி. தப்பா எடுத்துக்காத."

"எய்கிச்சிய அடிச்சதுக்காகவா?"

"அட, அடிதடி நமக்குள்ள வரும், போகும். இது படிச்சவன் காயிதத்துல எழுதி அனுப்பியிருக்கான்யா. ஆம்பளயா பொம்பளயான்னு தெரியாதவனக் களத்துல நிறுத்தினா வெளியூர்க்காரன் காறித் துப்புவான்."

கியோஜி மலையேறினான். ஐந்து நாள் கழித்துக் கீழே இறங்கியபோது ஆளே பாதியாக இருந்தான். வழியில் பார்த்த ஹபு இரண்டையும் தலை கூழாகும் வரை அடித்துவிட்டு, அப்புறமும் அடித்துக்கொண்டே இருந்ததாக அவனே சொன்னான். கூண்டில் நாலு எலி. நாலும் ஆண். இந்த முறை காது வெட்டவில்லை, சீட்டு எழுதவில்லை. பெட்டி செய்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, உள்ளே கருவாலிக் கொட்டையும் கரும்புத் துண்டும் போட்டு, உயிரோடு அனுப்பினான். கூட ஒரே ஒரு வரி: வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்.

டாக்டர் திருப்பிப் பார்த்தார். நாலும் ஆண்தான் என்று அவருக்கே தெரிந்ததாம். பிறகு நாலையும் தன் கையாலேயே கழுத்தை முறித்துக் கொன்று, எலும்புக்குள்ளிருந்து சத்தை எடுத்துக் கண்ணாடியில் பரப்பி எண்ணினார். எல்லா உயிரணுவிலும் குரோமோசோம் நாற்பத்தைந்து. இரண்டிரண்டாகச் சேர்ந்தது போக எக்ஸ் ஒன்று தனியாக நின்றது. அதற்கு ஜோடி இல்லை. முதல் தடவை ஒன்று குறைந்தபோது கண்ணாடியில் தவறிப்போயிருக்கும் என்று அவர் தள்ளிவிட்ட அதே கணக்கு.

ஜனவரி இரண்டாம் தேதி விமானத்தில் வந்து இறங்கியவர், நேராக மாட்டுக் கொட்டகைக்கு வந்து, சாணியில் முட்டி போட்டுத் தலையைத் தரையில் வைத்தார். "நீங்க எழுதினது சரி. அந்த ஆறும் ஆண்தான். தப்பு என்னோடது."

கியோஜி அவரை எழுப்பி நிறுத்தினான். பிறகு, "அப்ப அதுங்க எப்படி ஆணாச்சு? அது இல்லாம ஆவாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?" என்று கேட்டான்.

"அப்படித்தான் நாங்க படிச்சது. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி எக்ஸும் ஒய்யும் ஒரே மாதிரி ஜோடியா இருந்திருக்கணும். அப்புறம் ஒண்ணு அப்படியே நின்னுடுச்சு, ஒண்ணு தேய ஆரம்பிச்சுது. உங்க காளைகிட்ட, உங்ககிட்ட, என்கிட்ட இருக்கற ஒய் எல்லாம் தேஞ்சுபோன கட்டைதான். இந்தத் தீவு எலிகிட்ட அந்தக் கட்டையும் போயிடுச்சு."

"போனா?"

"போனா ஒண்ணும் ஆகல. அது பாட்டுக்கு ஆணாவே இருக்கு. அந்த வேலைய வேற ஏதோ ஒண்ணு எடுத்துச் செய்யுது. எதுன்னு எனக்குத் தெரியல."

"இல்லாமலே ஆம்பளயா?" என்றான் கியோஜி. ஹயாதேயை ஒருமுறை பார்த்தான். அந்தப் பேச்சு அவனை எங்கேயோ சுட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் அந்த நினைப்பிலேயே நின்றிருந்தால் அவன் வாழ்க்கை வேறாகியிருக்கும். நிற்கவில்லை. "நாளைக்குக் களத்துல மைக்ல சொல்லுங்க. முதல்ல எழுதினதையும் சொல்லி, அது தப்புன்னும் சொல்லணும்" என்றான்.

தேநீர் கொண்டுவந்த மினே தட்டை வைத்துவிட்டு நின்றாள். "மைக்ல சொல்றப்போ கண்ணையும் சேத்துச் சொல்லுவீங்களா டாக்டர்?"

"எந்தக் கண்ணு?" என்று கேட்டார் அவர். மினே புருஷனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் களத்தைச் சுற்றி மூவாயிரம் பேர். பறையும் எக்காளமும் காதைப் பிளந்தன. டாக்டர் மைக்கைப் பிடித்து, தப்பு தன்னுடையது, கியோஜி ஒருவர் பார்த்ததைப் பல்கலைக்கழகமே பார்க்கத் தவறியது என்றார். கூட்டம் எழுந்து நின்றது. "வாய்தோ! வாய்தோ!" என்று ஆட ஆரம்பித்தது. காளை ஜெயித்தால் ஆடுகிற ஆட்டம் அது. சகாரி ஹயாதேயின் கயிற்றைக் கொண்டுவந்து கியோஜியின் கையில் திணித்தார். "எறங்குய்யா. ஒன்ன விட்டா யாரு?"

எய்கிச்சி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். இடது கண்ணில் கறுப்புத் துணி. கியோஜி கயிற்றோடு அவனிடம் போனான். அவன் செய்ததிலேயே அன்புக்காகச் செய்தது இது ஒன்றுதான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

"வா மாப்ள. நீயும் நானும்."

"எனக்கு இடப்பக்கம் ஒண்ணும் தெரியாது மாமா."

"நான் இருக்கேன்ல? ஒன் இடப்பக்கத்த நான் பாத்துக்கறேன்."

"போகாதடா" என்று பக்கத்தில் இருந்த மினே அவன் சட்டையைப் பிடித்தாள்.

எய்கிச்சி சிரித்தான். "விடுக்கா. மாமா வாய் விட்டுக் கூப்புடறாரு. ரெண்டு மாசமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்." சட்டையை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டு இறங்கிவிட்டான்.

எதிர்க்காளை சிவப்பில் வெள்ளைத் திட்டுள்ள செம்மறைக் காளை, ஹயாதேயைவிட நூறு கிலோ கூட இருக்கும். கயிறு அவிழ்த்ததும் மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. ஹயாதே கொம்பை எதிரியின் காதுக்கடியில் செருகித் திருகியது. தோல் கிழிந்து செம்மறையின் கழுத்து முழுக்க ரத்தம். இரண்டும் குளம்பைப் புதைத்துக்கொண்டு தள்ளின. கியோஜி தோளோரம் நின்று மிதித்தான், கத்தினான். எய்கிச்சி வலப்பக்கம் நின்று பழையபடி எதிரியையே திட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நிமிடம் இரண்டு பேரும் ஓருடம்பாக ஆடினார்கள். பதின்மூன்றாவது நிமிடம் செம்மறையின் பின்னங்கால் நழுவியது. கூட்டம் "கியோஜி! கியோஜி!" என்று அலறியது.

அவன் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

செம்மறை பிய்த்துக்கொண்டு திரும்பி ஓடியது. துரத்தத் திரும்பிய ஹயாதேக்கும் ஓடிய காளைக்கும் நடுவில் எய்கிச்சி நின்றான், இடப்பக்கத்தைக் காளைக்குக் காட்டிக்கொண்டு. "எடப்பக்கம்டா!" என்று கியோஜி கத்தியது பறைச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அவனே அரம் பிடித்துக் கூராக்கிய கொம்பு விலாவுக்குக் கீழே நுழைந்து தோள்பட்டை வரை கிழித்தது. ஹயாதே தலையை உதறியது. எய்கிச்சி மேலே போய்க் கீழே விழுந்தான், அவன் மேல் குளம்பு ஏறியது. கியோஜி பாய்ந்து ஹயாதேயின் மூக்குத் துவாரத்துக்குள் அந்தக் கொக்கி விரலை மாட்டித் தொங்கினான். காளை அவனைப் பத்தடி இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது. விரல் பிய்ந்து தோலில் தொங்கியது.

எய்கிச்சியின் வாயில் மண்ணும் ரத்தமுமாக இருந்தது. "ஜெயிச்சிட்டமா மாமா?" என்றான்.

"ஜெயிச்சிட்டோம் மாப்ள. ஜெயிச்சிட்டோம்டா."

ஆஸ்பத்திரி வாசலை வண்டி தொடும் முன்னே உயிர் போய்விட்டது. மேல் வரிசையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரியவே கால் மணி நேரமாயிற்று. டாக்டர் மிதராய் மைக்கைப் பிடித்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலியோரமாகவே நின்றார்.

ஆஸ்பத்திரி எழுத்தர் காகிதத்தோடு வந்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதினார். கியோஜி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் சுற்றிய துணி நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மினே சுவரை ஒட்டி நின்றாள். அவள் அழவில்லை.

"எந்தக் காளைம்மா குத்துச்சு?" என்று கேட்டார் எழுத்தர்.

"காளை இல்லீங்க" என்றாள் மினே. முகவாயால் புருஷனைக் காட்டினாள். "இவரு."

எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு கியோஜியைப் பார்த்தார்.

"அவ சரியாத்தான் சொல்றா" என்றான் கியோஜி. "அப்படியே எழுதிக்குங்க."